பச்சைப் பலகைக்காரர்

மேல்நிலைத் தொட்டி நிரம்பினால் கத்துகிற அலாரம் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பச்சைப் பலகைக்காரர் அதை வாங்க மாட்டார். தானே சர்க்யூட் வரைந்து, கீகாட் மென்பொருளில் டிராக் இழுத்து, தொழிற்சாலைக்குப் புரிகிற கெர்பர் ஃபைலாக்கி, சர்க்யூட் போர்டு அடித்துத் தரச் சொல்லிச் சீனாவில் ஷென்ஜென் பக்கம் அனுப்புவார். ஆபீஸில் அவருக்கு என்ன வேலை என்று மனைவிக்கே சரியாகத் தெரியாது. கெர்பர் என்றால் என்ன என்பது பால்காரருக்குக்கூடத் தெரியும்.

ஒரு காலத்தில் ஃபெரிக் குளோரைடில் செப்புத் தகட்டை ஊறவைத்து, பாத்ரூம் தரையெல்லாம் பழுப்பாக்கித் திட்டு வாங்கியவர்தான். இப்போது தரை தப்பித்தது; பர்ஸ் மாட்டிக்கொண்டது.

தேவை ஒரே ஒரு போர்டு. பெரும்பாலும் குறைந்தது 5 தான் அடித்துத் தருவார்கள். நீள அகலம் 10 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஐந்துக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒரு சினிமா டிக்கெட் விலை. கூரியர் அதைவிடக் கூடுதல். சுங்க வரி வந்தால் அது தனி. வீட்டில் கேட்டால் முதல் தொகையை மட்டும் சொல்வார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்!

பார்சல் வந்துவிட்டால் சாப்பாடு ஆறிப்போகும். காற்றை உறிஞ்சி இறுக்கிய பிளாஸ்டிக் உறையின் ஓரத்தை மட்டும் கத்தரியால் நறுக்குவார். போர்டின் 1.6 மில்லிமீட்டர் கனத்தை விரலால் தடவுவார். டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து, ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் பார்ப்பார். மூலையில் வெள்ளை எழுத்தில் தன் பெயர், பக்கத்தில் 'வி 1.0'. கல்யாணப் பத்திரிகையில் பெயர் வந்தபோதுகூட இப்படிப் பூரித்தவரில்லை.

"நல்லாத்தான் இருக்குங்க. இது கத்துமா?"

"இன்னும் சால்டரிங்கே பண்ணலையேம்மா."

உதிரிகளுக்கு ரிச்சி ஸ்ட்ரீட். பிசி 547 டிரான்சிஸ்டர் தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் பிஎன் 2222 கொடுப்பார். இரண்டுக்கும் கால் வரிசை நேர் எதிர். இவர் பழைய வரிசைப்படியே பற்றவைத்துவிட்டு, பஸ்ஸர் ஏன் வாய் திறக்கவில்லை என்று நள்ளிரவு வரை மல்டிமீட்டரும் கையுமாக அலைவார். மென்பொருளின் சோதனையில் எல்லாம் தேறியிருந்ததே என்பார். கோடும் கோடும் உரசுகிறதா என்றுதான் அது பார்க்கும்; கடைக்காரர் எதை எடுத்துக் கொடுத்தார் என்று அதற்கெப்படித் தெரியும்?

டிரான்சிஸ்டரைக் கழற்றித் திருப்பிப் போட்டால் முடிந்தது வேலை. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அன்றிரவே வி 1.1 ஆர்டர் போய்விடும். இந்தமுறை கருநீல நிறம். அலாரம் எல்லாம் சாக்கு, அவருக்கு வேண்டியது அடுத்த பார்சல் என்பதே என் கட்சி.

மிச்சமான போர்டுகள் காபி டம்ளருக்கு அடியிலும் சாவிக்கொத்திலும் குடியேறும். அவர் வீட்டுக்குப் போனால் உங்கள் கையிலும் ஒன்றைத் திணிப்பார். பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள். "இதை வச்சு என்ன சார் பண்றது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் சொல்லுவார்.