நாலணாப் பாக்கி: பிப்ரவரி 29 குறித்த ஓர் ஆய்வு

மளிகைக் கடைப் பற்று நோட்டையும் வானியலையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் துணிவு ஆய்வுலகில் அரிது. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பிப்ரவரி 29 ஒரு நாளே அன்று. சூரியன் கடையில் நாம் வைத்த பாக்கி என்பது நம் கருதுகோள்.

ஒரு நாளை ஒரு ரூபாய் என்று கொள்க. பருவங்கள் ஒரு சுற்று வர 365.2422 நாள் ஆகிறது. அதாவது, ஓர் ஆண்டின் விலை 365 ரூபாய் 24.22 காசு. அரை நாளை எந்த நாள்காட்டியிலும் கிழிக்க முடியாது என்பதால் 365ஐ மட்டும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நோட்டில் எழுதச் சொல்கிறோம்.

இந்த மிச்சத்தை முழு நாலணாவாக எழுதிவைத்தவர் ஜூலியஸ் சீசர். அவருக்கு முன் ரோமானியக் கணக்கு எவ்வளவு கந்தலாகக் கிடந்ததென்றால், பழைய பாக்கியைத் தீர்க்க கி.மு. 46ஆம் ஆண்டை 445 நாளுக்கு இழுக்க வேண்டியிருந்தது. பிறகு நான்கு ஆண்டுக்கு ஒரு ரூபாய் என்று விதி செய்தார். அவர் கொலையுண்டதும் ரோமப் பூசாரிகள் தொடங்கிய ஆண்டையும் சேர்த்து எண்ணி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறையே ரூபாயைக் கட்டினார்கள். நகைக்க வேண்டாம்; பதினாறாம் நாள் காரியத்துக்கு இறந்த நாளைச் சேர்ப்பதா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் மல்லுக்கு நிற்கிறார்கள். அகஸ்டஸ் சில லீப் ஆண்டுகளை ரத்து செய்து இதைச் சரிக்கட்டினார்.

பூசாரிகள் திருந்தினாலும் நாலணா திருந்தவில்லை. ஆண்டுக்கு 0.78 காசு கூடுதலாகப் போனது. இந்தக் கடையில் சில்லறைக்குப் பதில் மிட்டாய் தரும் வழக்கமும் இல்லை. 128 ஆண்டுக்கு ஒரு ரூபாய் வீதம் கரைந்ததில், 1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி பத்து ரூபாயைத் திரும்ப எடுத்துக்கொண்டார்: அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15. இனி 400 ஆண்டில் 100 லீப் நாள் வேண்டாம், 97 போதும் என்றும் தீர்ப்பளித்தார். நூற்றாண்டு ஆண்டு 400ஆல் வகுபட்டால்தான் லீப். ஆண்டு விலை 24.25 காசுக்கு இறங்கியது.

இடையில் குழம்பிப்போன சுவீடன் 1712இல் பிப்ரவரி 30 என்றொரு தேதியையே வைத்துக்கொண்டது. இதற்கு மேல் ஆராய இந்த ஆய்வாளருக்குத் தெம்பில்லை.

தமிழ் மாதங்களோ கைக்காசு வியாபாரம். சூரியன் ராசிக்குள் நுழைந்தால் மாதம் பிறக்கும். ஆனி 32 நாள் நீள்வதும் மார்கழி 29இல் முடிவதும் அதனால்தான். பாக்கியே இல்லை. 2024இல் பொங்கல் ஜனவரி 15. மறு ஆண்டு 14. பொங்கலைக் குறை சொல்லிப் பயனில்லை. இடையில் பிப்ரவரியில் ஒரு ரூபாய் கட்டியது நாம். ஆனால் பஞ்சாங்கம் பொருத்திப் பார்ப்பது நட்சத்திரங்களை, பருவங்களை அல்ல. அந்தக் கடையில் விலை சற்று அதிகம். ஆகவே அறுபது எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் பொங்கல் பின்னால் நகர்கிறது.

பாக்கியால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் என்று நாம் முன்வைக்கும் சான்று மொரார்ஜி தேசாய். பிறந்தது 29 பிப்ரவரி 1896. நான்கு வயதில் வரவேண்டிய முதல் பிறந்தநாளை, 1900 லீப் ஆண்டு அல்ல என்று கிரிகோரி பறித்துவிட்டார். எட்டு வயது வரை காத்திருந்தார் அந்தச் சிறுவர். 1977இல் பிரதமரானபோது அவர் கண்டிருந்த பிறந்தநாள்கள் 19. நிதியமைச்சராக 1968இல் தம் பிறந்தநாளன்றே பட்ஜெட் படித்தார். மாதச் சம்பளக்காரர்கள் கூலியின்றி உழைக்கும் நாளில் வரிக்கணக்கு கேட்டது பொருத்தமே.

அவருக்கு நேர்ந்தது மறுபடி நேரவிருக்கிறது. 2100இல் பிப்ரவரி 29 கிடையாது. சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடிப்போர் அந்த ஆண்டுக்கு ஒரு தாள் குறைத்தே வெட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.