மூட்டையின் எடையும் வீட்டில் தங்குவோரும்: வெள்ளியங்கிரியை முன்வைத்து ஓர் ஆய்வு

மலையேறுகிறவர் பையில் எதை வைக்க வேண்டும் என்று எழுதியவர்கள் பலர். அந்தப் பை ஏன் கனக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. மலையின் உயரம், குளிர், நாள் கணக்கு என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எதையும் இவ்வாய்வு ஏற்கவில்லை. நாம் நிறுவ விரும்பும் விதி இது: பையின் எடை, பயணத்துக்கு வராமல் வீட்டில் தங்கிவிடுவோரின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

முதலில் இலக்கியச் சான்று. பத்துப்பாட்டில் பத்தாவதாக நிற்கும் மலைபடுகடாம், மன்னன் நன்னனிடம் பரிசில் வாங்க மலைவழி போகும் கூத்தர்களுக்கு 583 அடிகளில் வழி சொல்கிறது. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு ஒளிந்த இடம், புனங்காவலர் வீசும் கவண்கல் என்று புலவர் பெருங்கௌசிகனார் ஆபத்துகளை அடுக்கிக்கொண்டே போகிறார். இத்தனை ஆபத்துக்கு நடுவே போகிறவர்களின் மூட்டையில் இருந்தவை முழவு, ஆகுளி, தூம்பு, குழல் முதலான இசைக்கருவிகள். அவற்றையும் எடை சமமாக வரும்படி, பலாக்காய்க் கொத்துப் போலக் கட்டியிருந்தார்கள். மூட்டையைப் பேசும் அந்தத் தொடக்க அடிகளில் தைலமும் இல்லை, ஊறுகாயும் இல்லை. ஏனென்றால் விறலியரும் சுற்றமும் கூடவே கிளம்பிவிட்டார்கள். வாசலில் நின்று "இதையும் வெச்சுக்க" என்று சொல்ல ஆளில்லை.

அடுத்த சான்று அமெரிக்காவிலிருந்து. எம்மா கேட்வுட் என்ற மூதாட்டி 1955இல் தமது 67ஆவது வயதில் அப்பலாச்சியன் நெடும்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர். கூடாரம் இல்லை, உறங்கு பை இல்லை. தாமே தைத்த துணிப்பை, ஒரு போர்வை, மழைக்கு ஒரு குளியலறைத் திரை, காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ. இவருக்குப் பிள்ளைகள் 11 பேர். நம் விதிப்படி பை மலையாகக் குவிந்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். நடந்துவிட்டு வருகிறேன் என்பதைத் தவிர அவர்களிடம் அந்த அம்மாள் எதுவும் சொல்லவில்லை. விதி உடையவில்லை, உறுதிப்படுகிறது.

இனி களஆய்வு. கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரியின் பூண்டி அடிவாரம், பிப்ரவரி முதல் மே வரையிலான பருவம், ஏழு மலை, பெரும்பாலோர் ஏறுவது இரவில். இங்கே வந்துசேரும் பைகளின் உள்ளடக்கத்தை அகத்திணை மரபுப்படி மூன்றாகப் பகுக்கலாம். தண்ணீர், டார்ச், ஸ்வெட்டர் ஆகியவை முதற்பொருள். கருப்பொருள் என்பது மலையே தருவது: அடிவாரத்து மூங்கில் தடி, வழியில் கைத்தட்டிச் சுனை, ஆண்டிச் சுனை. இவற்றைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை.

உரிப்பொருள்தான் விரிவானது. ஒழுக்கத்தால் இது இரங்கல். அம்மா வைத்த புளிசாதம். அது கெட்டுப்போனால் என்று தயிர்சாதம். இரண்டும் பிடிக்காவிட்டால் முறுக்கு. அப்பா வைத்த இரண்டாவது டார்ச், முதல் டார்ச்சின் மேல் அவருக்கு நம்பிக்கையில்லை. மார்ச் மாத வெயிலில் அத்தை கொடுத்தனுப்பிய குடை. "எதுக்கும் இருக்கட்டும் கண்ணு" என்ற ஒரே வாக்கியத்தால் பைக்குள் போனவை இவை அனைத்தும். எதுக்கு என்று திருப்பிக் கேட்டவர்கள் கூடுதலாக ஒரு போர்வையும் சுமந்தார்கள்.

தனியாகக் குடியிருப்போர் பையும் கனக்கிறதே என்பது மறுப்பு. அவர்களுக்குக் கைப்பேசி இருக்கிறது. பஸ் ஏறும்வரை அம்மா அதில் பட்டியல் சொல்கிறார். மிச்சத்தை மலையேற்றக் கடைக்காரர் பார்த்துக்கொள்கிறார்.

நேர்மை கருதி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மங்கி குல்லா விஷயத்தில் வீட்டார் சொன்னது சரி. ஏழாவது மலையின் விடியற்காலைக் காற்றுக்கு முன்னால் எந்தக் கோட்பாடும் காதை மூடாது.

எனவே புறப்படப்போகும் அன்பர்களுக்கு இவ்வாய்வின் பரிந்துரை: தண்ணீர், டார்ச், ஸ்வெட்டர், குல்லா போதும். பிளாஸ்டிக் உறைகளை வனத்துறையினர் அடிவாரத்திலேயே பிரித்து வாங்கிவிடுவார்கள், முறுக்கைத் துணிப்பையில் கட்டுங்கள். முடிந்தால் அத்தையையும் கூட்டிப்போங்கள். குடையை அவரே தூக்கிக்கொள்வார்.