பாசிட்டிவ் என்று சொன்ன வாய்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவனுக்கு நல்ல கண் வேண்டும், நடுங்காத கை வேண்டும், வாய் மட்டும் இருக்கக் கூடாது. எனக்குக் கண் சுமார், கை பரவாயில்லை, வாய் பிரமாதம். ரிப்போர்ட் எழுதுவதோடு உன் வேலை முடிந்தது, பொருள் சொல்வது டாக்டர் பாடு என்று டிஎம்எல்டி படிக்கும்போதே சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வகுப்புக்கு நான் போயிருந்தேன் என்பதுதான் வருத்தமான விஷயம்.

விடால் டெஸ்டிலிருந்து தொடங்குகிறேன். டைபாய்டுக்கான இந்தச் சோதனையை பாரிஸில் ஃபெர்னான்ட் விடால் 1896இல் கொண்டுவந்தார். எங்கள் பக்கம் காய்ச்சல் என்றால் இன்றும் முதலில் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். நோயாளியின் சீரத்தையும் டைபாய்டு கிருமியின் ஆன்டிஜென்னையும் கண்ணாடித் தகட்டில் கலந்து ஆட்ட வேண்டும். சீரத்தில் ஆன்டிபாடி இருந்தால் கலவை மணிமணியாகத் திரளும். ஒரு நிமிஷத்துக்குள் பார்த்துவிட வேண்டும். நானோ பொறுமைசாலி. திரளாவிட்டால் “வந்துடும், வந்துடும்” என்று ஃபேனுக்குக் கீழே நின்று ஆட்டிக்கொண்டே இருப்பேன். காற்றில் ஓரம் காய்ந்தால் எவர் சீரமும் திரண்ட மாதிரிதான் தெரியும். ஒரு நாள் சீனியர் பக்கத்தில் வந்து நின்றார், ஃபேனை அணைத்தார், ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அன்று எங்கள் ஊரில் டைபாய்டு சட்டென்று குறைந்தது.

பிறகு எனக்கே காய்ச்சல் வந்தது. என் ரத்தத்தை நானே பார்த்தேன். சீரத்தை 80, 40, 20, 10, 5 மைக்ரோலிட்டர் என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போவோம். எதுவரை திரள்கிறதோ அதுதான் டைட்டர். எண்பதில் மட்டும் திரண்டால் 1:20, ஐந்து வரை திரண்டால் 1:320. எனக்கு 1:80 வரை வந்தது. வீட்டில் டைபாய்டு என்று அறிவித்துக் கஞ்சிக்கு ஏற்பாடு செய்துவிட்டு, ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போனேன். அவர் அதை வாங்கவே இல்லை.

“காய்ச்சல் எத்தனை நாளா?”

“நேத்துலேர்ந்து சார்.”

“நேத்து வந்த கிருமிக்கு இன்னிக்கே ஆன்டிபாடி பண்ணிடுச்சா உன் உடம்பு? உன்னைவிட சுறுசுறுப்பா இருக்கே!”

டைபாய்டில் ஆன்டிபாடி தலைகாட்டவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். டைபாய்டு நடமாடும் ஊர்களில் ஆரோக்கியமானவர்களிடமும் 1:80 தென்படும். என்றைக்கோ வந்த தொற்றும் போட்ட தடுப்பூசியும் விட்டுச்சென்ற மிச்சம் அது. முதல் வாரத்தில் உருப்படியானது பிளட் கல்ச்சர். விடாலையே நம்புவதென்றால் ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து, டைட்டர் நாலு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காய்ச்சல் விட்ட பிறகு ஊசி குத்திக்கொள்ள யார் வருவார்கள்? நானே போகவில்லை. அடுத்த இரண்டு நாளில் காய்ச்சல் தானாக இறங்கியது. டைபாய்டு அவ்வளவு மரியாதையாகப் போகிற ஆள் இல்லை.

சீரம் சோதனை என்பது திருடனைப் பிடிப்பதல்ல. நாய் குரைத்ததா என்று விசாரிப்பது. நாய் கொஞ்சம் தாமதமாகத்தான் குரைக்கும், திருடன் போன பிறகும் குரைத்துக்கொண்டிருக்கும், சில சமயம் தபால்காரரைப் பார்த்தும் குரைக்கும். இதை டாக்டர் எனக்கு அன்று நிதானமாகச் சொன்னார். நன்றாகப் புரிந்தது என்று தலையாட்டினேன்.

தபால்காரர் விஷயத்தில்தான் அடுத்து மாட்டினேன். விடிஆர்எல் என்பது சிஃபிலிஸ் நோய்க்கான சோதனை. ஆனால் அதில் பயன்படும் ஆன்டிஜென் அந்தக் கிருமியுடையதே அல்ல. மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த கார்டியோலிப்பின் என்னும் கொழுப்புப்பொருள். அதனால் லூபஸ், மலேரியா, தொழுநோய், கர்ப்பம், சில வேளை வெறும் முதுமை இருந்தாலும் பாசிட்டிவ் காட்டிவிடும். நெற்றி நிறைய விபூதியோடு வந்த ஒரு பெரியவருக்கு லேசாக பாசிட்டிவ் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை; அந்த மட்டும் முன்னேற்றம். ஆனால் கவரை நீட்டும்போது ஒரு பார்வை பார்த்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். டாக்டர் உறுதிப்படுத்த டிபிஎச்ஏ எழுதினார், அது நெகட்டிவ். பெரியவருக்கு ஒன்றுமில்லை. என் பார்வையைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் ஒரு டெஸ்டும் இல்லை.

மச்சான் விவகாரம் குடும்பச் சரித்திரம். காய்ச்சலில் கிடந்தவன் போனில் கேட்டான், “மாமா, டெங்குவா?” கையில் ரிப்போர்ட். ‘பாசிட்டிவ்’ என்ற ஒரு சொல்தான் கண்ணில் பட்டது. சொல்லிவிட்டேன். அரை மணி நேரத்தில் நிலவேம்புக் கஷாயம் கொதித்தது, மாமியார் பப்பாளி இலையும் இளநீருமாகப் பஸ் ஏறிவிட்டார். அப்புறம்தான் முழுசாகப் படித்தேன். வைரஸின் சொந்தப் புரதமான என்எஸ்1 முதல் சில நாட்களிலேயே தெரியும், அது நெகட்டிவ். நாலைந்து நாளில் வரும் ஐஜிஎம் ஆன்டிபாடியும் நெகட்டிவ். வருஷக்கணக்கில் தங்கும் ஐஜிஜி ஆன்டிபாடி மட்டும் பாசிட்டிவ். இரண்டாம் தடவை டெங்கு என்றால் ஐஜிஜி சீக்கிரமே எகிறும் என்பதால் டாக்டர் தட்டணுக்களையும் சில நாள் பார்த்துவிட்டு, “இது எப்போதோ வந்துபோனது” என்று முடித்தார். மாமியார் அந்த பஸ் கட்டணத்தை இன்னும் மறக்கவில்லை.

இதே தொழிலில் வாயைக் கட்டியவர்களும் உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் சேகரித்தார். சீரக் குப்பிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துப் பாதுகாத்து, எலைசா வசதி இருந்த வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகள் நிறம் மாறின, அதாவது பாசிட்டிவ். மறுபடி செய்து பார்த்தார்கள். பிறகு அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் சோதனை அதை உறுதிசெய்தது. இந்தியாவில் எச்ஐவி இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. என் வாயாக இருந்தால் காட்பாடி ஸ்டேஷனிலேயே சொல்லியிருக்கும்.

கடைசியாக, கொரோனா. கோவிஷீல்டு போட்டுக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் என் ஆன்டிபாடியைப் பார்த்தேன். நெகட்டிவ். ஊசி வீண் என்று வீட்டில் புலம்பினேன். மிக்ஸி வாங்கினாலும் முதலில் கூட வரும் தாளைப் படிக்கிறவள் என் மனைவி. “அந்தக் கிட்டுக்குள்ள ஒரு பேப்பர் இருக்குமே, படிச்சீங்களா?” என்றாள். படித்தேன். அந்தக் கிட் தேடியது நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியை. கோவிஷீல்டு உடலுக்குக் காட்டிக்கொடுப்பது ஸ்பைக் புரதத்தை மட்டும். எனக்கு வந்த நெகட்டிவுக்கும் ஊசிக்கும் சம்பந்தமே இல்லை. படித்ததை மனைவியிடம் சொல்லவில்லை. வாயை அடக்க வேண்டிய ஒரே இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

இப்போது திருந்திவிட்டேன். யார் வந்தாலும் முதலில் “காய்ச்சல் எத்தனை நாளா?” என்று கேட்டு ஃபாரத்தில் எழுதிக்கொள்கிறேன். போன வாரம் சர்க்கரை பார்க்க வந்தவர் முறைத்தார். “எனக்குக் காய்ச்சலே இல்லையே சார்!”

“எப்போலேர்ந்து இல்லை?” என்றேன்.