இடும்பன் கட்சி

முச்சந்திக் கடையில் காபித்தூள் வாங்கி வருவதற்குக்கூட வீட்டில் சைக்கிள் சாவி எங்கே என்று தேடுகிற ஒரு மனிதன், ஐம்பத்திரண்டாவது பிராயத்தில் திடீரென்று, தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தே போவதென்று சங்கல்பம் செய்துகொண்டால், அதற்கு பக்தி ஒன்றே காரணமாக இருக்க முடியாது என்பதை விவேகிகள் ஊகித்துவிடுவார்கள். என் விஷயத்தில் காரணம் வைத்தியர். இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பதாகவும், தினந்தோறும் முக்கால் மணி நேரம் நடந்தாக வேண்டுமென்றும் அவர் சொன்னார். தினந்தோறும் நடப்பது என்பது என் சுபாவத்துக்கு ஒவ்வாத காரியமாதலால், ஒரு வருஷத்து நடையையும் ஏழே நாளில் மொத்தமாக நடந்து கணக்கைத் தீர்த்துவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அப்படியே முருகனுக்கும் ஒரு கும்பிடு போட்டதாகிவிடும்.

அந்தப் பாதையில் நடையாத்திரை என்றால் முதலில் சொல்ல வேண்டியவர்கள் நகரத்தார்கள். உப்பு வியாபாரத்துக்காகப் பழனிக்குப் போய்வந்த செட்டியார்கள் காலத்தில் தொடங்கிய வழக்கம் என்று அவர்களில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மயிற்பீலி சாத்திய காவடிகளில் அவர்கள் கட்டிச் செல்வது சர்க்கரை. அவர்கள் தோளிலும் நான் இரத்தத்திலுமாக, ஆக எல்லோரும் சர்க்கரை சுமந்துகொண்டுதான் புறப்பட்டோம். சண்முகநாதரைக் குன்றின்மேல் ஏறிச் சேவித்து இறங்கியபோதே என் கெண்டைக்கால் ஆட்சேபம் தெரிவித்தது. அது படி ஏறிய அலுப்பு என்று சமாதானம் சொல்லி, செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன்.

மொத்த தூரம் 150 கிலோமீட்டருக்குக் குறையாது. திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி என்று வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து விரலை மடக்கி எண்ணியபோது ஒரு கை விரல்களுக்குமேல் ஒன்றே ஒன்றுதான் அதிகப்பட்டது. ஆனால் மடக்கிய ஒவ்வொரு விரலுக்கும் நடுவே தார் ரோடு இருக்கிறது என்பதும், தை மாதத்து வெயில் விடியற்காலையில் எவ்வளவு சாதுவோ அவ்வளவுக்கு நடுப்பகலில் மூர்க்கம் என்பதும், திருப்பத்தூரைத் தாண்டுவதற்குள் உள்ளங்காலுக்கு விளங்கிவிட்டன. வழியில் எவரைக் கேட்டாலும் அடுத்த தங்கல் "இந்தா, பக்கந்தேன்" என்றே பதில் வந்தது. ஒரு மணி நேரம் நடந்த பின்பு வேறொருவரைக் கேட்டேன். அப்போதும் பக்கந்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தச் சீமையில் தூரம் என்பது மைல் கணக்கல்ல. நடக்கிறவனுக்குச் சொல்லுகிற ஆறுதல்.

யாத்திரை என்றால் அரைவயிற்று உணவு, கட்டாந்தரை, விரதம், தேக சிரமம் என்று நான் வைராக்கியத்தோடு மனத்தைத் தயார்செய்து வைத்திருந்தேன். அந்த வைராக்கியத்துக்கு வேலையே இல்லாமற் போயிற்று. காலை ஐந்து மணிக்கு ஒரு பந்தலில் சுக்குக் காபி. ஆறரைக்கு அடுத்த பந்தலில் வெண்பொங்கலும் கத்தரிக்காய் கொத்சும். எட்டு மணிக்கு, பொங்கலின் அயர்வு இன்னும் கண்ணில் இருக்கும்போதே, "சாமி, ரெண்டே ரெண்டு இட்லி" என்று கைகூப்பி வழிமறிக்கும் ஒரு பெரியவர். வேண்டாம் என்றால் அவர் முகம் வாடுகிறது. முருகனைப் பார்க்கப் போகிறவன் வழியில் ஒரு கிழவரின் மனத்தை நோகடிக்கலாமா? சாப்பிட்டேன். பிறகு பானகம், நீர்மோர், சுண்டல். மத்தியானத்தில் வரிசையாகப் புளியோதரை, எலுமிச்சஞ் சாதம், தயிர் சாதம். சாயங்காலம் டீயும் பொறையும். சர்க்கரை போடாத டீ கேட்டபோது அந்தப் பந்தல்காரப் பையன், ஏதோ சாமிக்குற்றம் நேர்ந்துவிட்டாற்போல என்னைப் பார்த்துவிட்டு, இருந்ததைக் காட்டிலும் ஒரு கரண்டி அதிகமாகப் போட்டுக் கலக்கிக் கொடுத்தான்.

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. பழனியில் நிற்கிற பிள்ளை ஏன் அங்கே வந்து நிற்கிறான்? வீட்டில் ஒரு பழம் கிடைக்கவில்லை, அண்ணன் வாங்கிக்கொண்டான், கோபித்துக்கொண்டு கோவணத்தோடு மலையேறிவிட்டான். வீட்டில் பட்டினியாகக் கோபித்துக்கொண்டு போன பிள்ளைக்கு அடுத்த வீட்டுக்காரர்கள் கூப்பிட்டுச் சோறு போடுவதில்லையா? அந்தச் சோற்றைத்தான் குன்றக்குடியிலிருந்து பழனி வரையில் உள்ள ஜனங்கள் இத்தனை காலமாக அவன் பேரைச் சொல்லி எங்களைப் போன்றவர்களுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகப் படுகிறது. நான் என் பங்கை மறுக்காமல் பெற்றுக்கொண்டேன்.

எங்கள் கோஷ்டியில் ஓர் ஆச்சி இருந்தார்கள். பிராயம் எழுபதுக்குக் குறையாது. தலையில் ஒரு சிறு மூட்டை, கையில் ஒரு பித்தளைத் தூக்கு, வாயில் ஓயாத ஏதோ முணுமுணுப்பு, அவ்வளவுதான் சாமான். நானோ, மின்விளக்கு, காற்றுத் தலையணை, நாலு வகைக் களிம்பு, மழை வந்தால் ஒன்று, வெயில் வந்தால் ஒன்று என்று முதுகில் ஒரு சிறு குடித்தனத்தையே ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் காலையில் அவர்களுக்கு முன்னால் நான்தான் புறப்பட்டேன். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் குளித்து, ஈரப்புடைவையை உலர்த்தி, திருநீறிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எந்த இடத்தில் என்னைக் கடந்து போனார்கள் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடாத ரகசியம். நான் ஏதாவது ஒரு பந்தலில் இலையில் குனிந்திருந்த சமயமாக இருக்கலாம்.

தங்கல்களைப் பற்றிச் சொல்வதென்றால் நித்திரையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நித்திரையைப் பற்றிச் சொல்வதென்றால் அது இல்லாமையைப் பற்றி. ஒருநாள் பள்ளிக்கூடத் தாழ்வாரம், ஒருநாள் நெல் காயப்போடும் களம், ஒருநாள் புளியந்தோப்பு. அறுவடை முடிந்த காலமாகையால் களத்தில் புது வைக்கோல் கிடைத்தது. அதன்மேல் துண்டை விரித்துப் படுத்தபோது ராஜபோகம் என்றுதான் முதலில் நினைத்தேன். பத்து நிமிஷத்தில் வைக்கோலுக்கு உள்ள உரிமையாளர்கள், ஆறு கால் உடையவர்களும் எட்டுக் கால் உடையவர்களுமாக, ஒவ்வொருவராக வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அதற்கும் மேலே குறட்டை. வலப்பக்கத்தில் படுத்திருந்தவர் ஆரோகணமும் இடப்பக்கத்துக்காரர் அவரோகணமுமாக, தாளம் தப்பாமல் பொழுது விடியும்வரை ஒரு கச்சேரி நடத்தினார்கள். அவர்களுடைய ஒற்றுமையைக் காலையில் நான் புகழ்ந்தபோது, "நேத்து ராத்திரி உங்க குறட்டையில நாங்க ரெண்டு பேரும் கண்ணை மூடலை சாமி" என்று இருவரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். இதை நான் நம்பவில்லை.

நத்தத்தைத் தாண்டித் திண்டுக்கல்லை நோக்கி நடந்த நாள்தான் யாத்திரையில் மிகவும் கொடிய நாள். திண்டுக்கல் பாறையும் அதன்மேல் கோட்டையும் தூரத்தில் தென்பட்டதிலிருந்து, நான் ஓர் அடி எடுத்து வைத்தால் அதுவும் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டது. ஊருக்குள் நுழைந்து ஒரு திண்ணையில் உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை. பூட்டுக்குப் பேர்போன ஊர். முழங்கால் இரண்டும் பூட்டிக்கொண்டன. கொப்புளங்களை எண்ணிப் பார்த்தேன்: வலக்காலில் நான்கு, இடக்காலில் மூன்று. என் நாலு களிம்பையும் தடவினேன். ஆச்சி வந்து பார்த்தார்கள்.

"என்ன தம்பி இது, காலுக்குப் போய் சந்தனக் காப்பு சாத்தி வச்சிருக்கீக?" என்று சொல்லி அதையெல்லாம் வழித்தெறிந்துவிட்டு, தூக்குக்குள்ளிருந்து தேங்காயெண்ணெய்ச் சீசாவை எடுத்துச் சூடுபண்ணித் தேய்த்துவிட்டார்கள். விடிந்தபோது முழங்கால் மடங்கிற்று. அந்த உபகாரத்தை நான் ஜன்மத்துக்கும் மறக்கமாட்டேன். ஆனாலும், எழுபது வயதுள்ளவர் ஐம்பத்திரண்டு வயதுக்காரனுக்குக் கால் பிடித்துவிட்டதை இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்ததையும் மறக்க முடியவில்லை.

ஒட்டன்சத்திரத்தில், ஊர்ப்பேரிலேயே சத்திரம் இருந்தும், எனக்குக் கிடைத்தது ஒரு தகரக் கொட்டகை. காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஊராகையால் அன்றிரவுச் சாம்பாரில் எந்தக் காய் இல்லை என்று கண்டுபிடிக்க முடியாதபடி எல்லாம் இருந்தன. அங்கேதான் இடும்பன் கதையைப் புதிதாகப் புரிந்துகொண்டேன். அகத்தியர் ஏவலால் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளையும் காவடியாகக் கட்டித் தூக்கிக்கொண்டு தெற்கே வந்த இடும்பன், பழனிக்கு வந்ததும் களைப்பாறச் சற்று இறக்கி வைத்தான். திரும்பத் தூக்கப் பார்த்தால் மலை நகரவில்லை. முருகன் திருவிளையாடல் என்று புராணம் சொல்லும். சொல்லட்டும். ஆறு நாள் முதுகுப் பையை ஒவ்வொரு தங்கலிலும் இறக்கி வைத்துவிட்டு மறுநாள் காலையில் தூக்க முயன்ற எனக்கு, அதற்குத் திருவிளையாடல் ஒன்றும் தேவையில்லை என்று தெரியும். இறக்கி வைத்தவன் எவனாலும் அப்புறம் தூக்க முடியாது. அன்றிலிருந்து நான் இடும்பன் கட்சி.

ஏழாம் நாள் ஆயக்குடி தாண்டி மலை கண்ணில் பட்டபோது கூட்டம் முழுவதும் "அரோகரா" என்று ஒரே குரலாக எழுப்பிய கோஷத்தில் எனக்குக்கூட, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண் கலங்கிவிட்டது. ஆனால் அடிவாரத்தில் 693 படிகள் என்று கேள்விப்பட்டதும் கண் தானே துடைத்துக்கொண்டது. யானைப்பாதையில் சரிவு அதிகமில்லை, அப்படியே போகலாம் என்றார்கள். நான் விஞ்சுக்கு வரிசையில் நின்றேன். அந்த வரிசை நகர்ந்து முடிய மூன்றரை மணி நேரமாயிற்று. நான் மேலே போய்ச் சேர்ந்தபோது ஆச்சி தரிசனம் முடித்துப் படிவழியாக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

தண்டாயுதபாணியைக் கண்ணாரக் கண்டேன். வைத்தியரை நினைத்துக்கொண்டு பஞ்சாமிர்தம் வேண்டாமென்றுதான் இருந்தேன். விருப்பாச்சி மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை என்று ஒவ்வொன்றும் அவர் தடுத்தவை. ஆனால் 2019-ல் புவிசார் குறியீடே பெற்ற ஒரு பிரசாதத்தை மலைமேல் நின்றுகொண்டு மறுப்பது சர்க்காரையும் சாமியையும் ஒருங்கே அவமதிப்பதாகும் என்று பட்டது. அரை டப்பா அங்கேயே காலியாயிற்று.

அடிவாரத்தில் பஸ் நிலையத்துக்கு வழி விசாரித்துக்கொண்டிருந்தபோது ஆச்சி எதிரே வந்தார்கள். அதே மூட்டை, அதே தூக்கு.

"நாங்க வெள்ளென கெளம்புறோம் தம்பி. நீங்க வாரீகளா?"

"எங்கே ஆச்சி?"

"ஊருக்குத்தேன். காவடி செலுத்தியாச்சுல்ல, நடந்து திரும்ப வேண்டாமா?"

நான் முதுகுப் பையை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தேன்.




"ஆச்சி, இடும்பன் எங்கே இருக்கிறான் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அதோ, அந்த மலையில."

"அவன் திரும்பிப் போகவில்லையே?"

ஆச்சி என்னையும் பையையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, தூக்கைத் திறந்து, மிச்சமிருந்த தேங்காயெண்ணெய்ச் சீசாவை என் கையில் வைத்துவிட்டுப் போனார்கள்.