கண்பூச்சியும் இருசக்கர வாகனமும்: அண்ணாமலை நகர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கண்பூச்சி என்பது ஐம்பது வயதைக் கடந்தவரின் கண்ணுக்குள் பறப்பதும், பக்கத்தில் இருப்பவர்க்குத் தெரியாததும், அடித்தால் சாகாததுமான ஓர் இனம். மருத்துவர்கள் இதை மிதவை என்பர். கொசு, நூல், புழு, சிலந்தி வலை, வளையம் ஆகிய வடிவங்களில் காணப்படும். கிட்டப்பார்வை உள்ள இளைஞர்க்கும் ஒன்றிரண்டு இருப்பதுண்டு. அவர்கள் அதைச் சட்டை செய்வதில்லை என்பதால் ஆய்வெல்லைக்குள் வாரார். சாய்வு நாற்காலியில் அமர்ந்து பூச்சி பார்ப்போரும் வாரார். மோட்டார் சைக்கிள் ஓட்டும் மூத்தோர் மட்டுமே இங்கு ஆய்வுப் பொருள். ஆய்வுக்களத்தின் எல்லைகள்: தெற்கே கொள்ளிடம், வடக்கே கெடிலம், கிழக்கே பிச்சாவரம், மேற்கே வீராணம்.

விழிக்குள் லென்ஸுக்குப் பின்னால் ஏறத்தாழ நான்கு மில்லிலிட்டர் அளவுக்குத் தெளிந்த கூழ் ஒன்று நிரம்பியிருக்கிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு தண்ணீர். மிச்சம் மெல்லிய கொலாஜன் இழைகளும் ஹையலூரானிக் அமிலமும். நுங்கை விரலால் நோண்டித் தின்றவர்க்கு அடுத்து நடப்பதை விளக்க வேண்டியதில்லை: கூழுக்கு நடுவே நீர்ப்பை கட்டியிருக்கும். வயதேறும் கண்ணிலும் அப்படித்தான் கூழ் அங்கங்கே நீர்த்துப் போகிறது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. அத்திரளின் நிழல் விழித்திரையில் விழுகிறது. ஆகவே காணப்படுவது பூச்சியல்ல, பூச்சியின் நிழல். கடைசியில் கூழ் முழுவதுமே சுருங்கி, பின்புறத்து விழித்திரையிலிருந்து கழன்றுகொள்கிறது. பார்வை நரம்பின் தலையில் அது ஒட்டியிருந்த இடம் வளையமாகப் பெயர்ந்து வந்து மிதக்கும். மெக்கானிக் பட்டறையில் நெடுநாள் பழகியவர்கள் இதை ஓ-ரிங் என்று தயங்காமல் இனங்காண்பர்.

வண்டியின் குலுக்கலால்தான் கூழ் கலங்கிற்று என்று வீட்டார் குற்றம் சாட்டுவதுண்டு. வாழ்நாளில் புல்லட் ஏறாத தமிழாசிரியர்களுக்கும் கண்பூச்சி வருவதால் இவ்வாதம் நில்லாது. கண்ணில் அடிபட்டாலோ கண்புரை அறுவை செய்துகொண்டாலோ முன்கூட்டியே வரலாம் என்பது வேறு செய்தி.

இந்தச் சிக்கல் இப்போது ஆய்வுக்குரியதாக எழுந்ததற்குக் காரணம் 1985. ஹீரோ ஹோண்டா சி.டி.100, யமஹா ஆர்.எக்ஸ்.100 இரண்டும் அந்த ஆண்டில்தான் இந்தியச் சாலைக்கு வந்தன. பின்னது 1996-இல் நின்றுபோனது. முதல் சம்பளத்திலும் சீர்வரிசையிலும் அவற்றை வாங்கிய இளைஞர் கூட்டம், மோட்டார் சைக்கிளைப் பெருந்திரளாகக் கைக்கொண்ட முதல் தலைமுறை. அத்தலைமுறை இன்று ஒருசேரக் கூழ் கழலும் வயதில் நிற்கிறது. இவர்களின் தந்தையர்க்கும் பூச்சி பறந்தது. ஆனால் அவர்கள் ராலே சைக்கிளில், கேரியரில் உரமூட்டையுடன், ஆடு முந்திச் செல்லும் வேகத்தில் போனார்கள். பூச்சியைப் பார்த்து முடித்துவிட்டுச் சாலையைப் பார்க்க நேரம் இருந்தது.

மேலைநாட்டு முன்னோடிகள் இத்துறைக்குச் செய்த பங்களிப்பு பாராட்டத்தக்கதே எனினும் குறையுடையது. பழைய லத்தீன் மருத்துவ நூல்கள் இதைப் பறக்கும் ஈக்கள் என்று குறித்தன. இவை கண்ணுக்குள் எங்கே இருக்கின்றன என்பதை டச்சு மருத்துவர் டாண்டர்ஸ் போன்றோர் 19-ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்தனர். ஒருவரும் வண்டியில் ஏறிப் பார்க்கவில்லை. டாண்டர்ஸ் 1889 வரை வாழ்ந்தார்; ஜெர்மனியில் டைம்லர் செய்த முதல் பெட்ரோல் இருசக்கர வண்டி 1885-இலேயே வந்துவிட்டது. நான்காண்டு வாய்ப்பு வீணாயிற்று.

உள்ளூரில் வேறொரு தடை உண்டு. 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கண்பூச்சி எந்தத் துறையைச் சேர்ந்தது என்பது தீராத எல்லைத் தகராறு. பூச்சி என்பதால் வேளாண்புலத்துப் பூச்சியியலுக்கு உரிமை உண்டு. ஆனால் இது பயிரைத் தின்பதில்லை, மருந்தடிக்க வழியுமில்லை. கண்ணில் இருப்பதால் மருத்துவத்துக்கு உரியது என்றால், மருத்துவர் ‘ஒன்றுமில்லை, போய் வாருங்கள்’ என்று கோப்பை மூடிவிடுகிறார். மிதவை என்ற பெயரை ஒப்புக்கொண்டால் கடலின் மிதவை உயிரிகளை ஆராயும் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்துக்கு அனுப்ப வேண்டிவரும். கயிற்றில் பாம்பைக் கண்டது போன்ற வழக்கு என்று மெய்யியலாரிடம் கொடுத்தால், நிழல் மெய்யா பொய்யா என்ற வினாவிலேயே பருவம் முடிந்துவிடும். ஓட்டுநர் அதற்குள் சிதம்பரம் பேருந்து நிலையம் போய்ச் சேர்ந்துவிடுவார்.

கண்பூச்சி தெரிவதற்கு இரண்டு தேவை: பளிச்சென்ற ஒளி, வெறுமையான பின்புலம். வெளிச்சம் கூடும்போது கண்மணி சுருங்குகிறது. நுண்துளை வழியே வரும் ஒளியில் நிழலின் விளிம்பு கூர்மையாகிறது. பின்புலம் வெறுமையாக இருந்தால் மறைக்க ஒன்றுமில்லை. ஐம்பூதத் தலங்களில் ஆகாயத்துக்குரியது தில்லை என்பதை இங்கே குறிப்பிடாமல் விடுவது ஆய்வு நேர்மையாகாது. ஆகாயம் தாராளமாகக் கிடைக்கும் சமவெளியில் கண்பூச்சிக்கு என்ன குறை?

வட்டாரச் சாலைகளை இந்த அளவுகோலால் தரம் பிரிக்கலாம். பல்கலைக்கழக வளாகத்தின் மரநிழல் சாலைகளில் இலை, கிளை, நிழல், மாணவர் என்று பின்புலம் நெரிசலாக இருப்பதால் பூச்சி அநேகமாகத் தெரியாது. கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போகும் சாலையில் காலை ஏழு மணிக்குக் கதை வேறு. சூரியன் நேர் எதிரே, இருபுறமும் திறந்த வெளி, மேலே மேகமற்ற வானம். நூல், வலை, வளையம் மூன்றும் முழு உடுப்பில் அணிவகுக்கும். சம்பா நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல்களில் வானம் கீழேயும் இருப்பதால் பூச்சிக்குத் தரையிலும் இடம் கிடைக்கிறது. கடலூர்ச் சாலையில் புதுச்சத்திரம் தாண்டி முன்னே போகும் வெள்ளை டேங்கர் லாரியின் முதுகைப் போல வசதியான திரை வேறில்லை. இரவில் கண்மணி விரிந்து நிழல் கரைந்துவிடுவதால் உட்பூச்சிக்கு ஓய்வு. வெளிப்பூச்சி ஷிப்ட் மாற்றிக்கொண்டு வேலைக்கு வரும்.

இவ்விரண்டையும் பிரித்தறிவதே துறையின் மையச் சிக்கல். ஓட்டுநரின் பார்வைக்குள் ஒரே நேரத்தில் நான்கு வகைப் புள்ளிகள் இருக்கக்கூடும்: மூக்குக் கண்ணாடியில் தூசி, ஹெல்மெட் வைசரில் கீறல், வெளியே உயிருள்ள பூச்சி, உள்ளே கண்பூச்சி. வைசரைச் சட்டை நுனியால் துடைப்பது இங்கு பொது வழக்கமாதலால் கீறல்களுக்குப் பஞ்சமில்லை. பரிசோதனை முறை பின்வருமாறு. வெள்ளாற்றுப் பாலத்துக்கு முன்பே வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, சைடு ஸ்டாண்டு போடுக. எதிரே அசையாத ஒன்றை, ஒரு மைல்கல்லை, பார்த்தபடி தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டுக. தலையோடு சேர்ந்து போவது கீறல் அல்லது தூசி. பிறகு தலையை நிறுத்தி, கண்ணை மட்டும் சட்டென்று ஒரு பக்கம் திருப்பி நிறுத்துக. கண்ணோடு ஓடி, கண் நின்ற பிறகும் சற்றுத் தாண்டிப் போய், மெல்ல வழுக்கித் திரும்புவது கண்பூச்சி. கூழுக்குள் கிடப்பதால் அதற்கு உடனே பிரேக் பிடிக்காது. இரண்டு சோதனைக்கும் கட்டுப்படாமல் தன்னிச்சையாகத் திரிவது வெளிப்பூச்சி. ஐயம் தீராவிட்டால் வாயைத் திறந்து ஓட்டிப் பார்க்கலாம். கண்பூச்சி தொண்டைக்குள் போவதில்லை. வயல்களில் பச்சைத் தத்துப்பூச்சி பெருகி விளக்கொளிக்குத் திரளும் ஐப்பசி, கார்த்திகை இரவுகள் இக்கடைசிச் சோதனைக்கு உகந்தவை. சோதனையின்போது கடந்து போகிறவர்கள் ‘என்னண்ணே, வண்டி மக்கரா?’ என்று நிறுத்தி விசாரிப்பர். தலையை ஆட்டிக்கொண்டிருப்பவர் அதையே விடையாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நுட்பம்: கண்பூச்சி கீழ்நோக்கி இறங்குவதுபோல் தோன்றும்போது, அது கண்ணுக்குள் உண்மையில் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. விழித்திரையில் உருவம் தலைகீழாக விழுவதால் இந்தக் குழப்பம். ஓட்டுநர்க்கு இதனால் பயன் ஏதுமில்லை. முழுமை கருதிச் சேர்க்கப்பட்டது.

கண்பூச்சியால் விபத்து வருவது அது மறைப்பதால் அன்று, அதைப் பார்க்க முயல்வதால். பூச்சி பெரும்பாலும் பார்வையின் நடுவில் இராமல் சற்று ஒதுங்கியே நிற்கும். அதை நேரே பார்க்கக் கண்ணைத் திருப்பினால் அதுவும் அதே பக்கம் நகரும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடுகிறது. இரண்டு நொடித் துரத்தலில் முப்பத்து மூன்று மீட்டர் பார்க்கப்படாமல் கழிகிறது. அறுவடை முடிந்த மாதங்களில் அந்த முப்பத்து மூன்று மீட்டருக்குள் சாலையில் பரப்பிய உளுந்துக்கொடி இருக்கும். காய்ந்த கொடி மேல் முன்சக்கரம் ஏறியபின் பிரேக் பிடித்தால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது.

இதைக் கரைக்கும் சொட்டு மருந்தோ மாத்திரையோ கிடையாது. லேசரால் திரளை உடைப்பதுண்டு. கூழையே அகற்றும் அறுவையும் உண்டு. பின்னதில் கண்புரை விரைந்து வரலாம், விழித்திரை விலகலாம் என்பதால் கொசுவுக்காக அதில் இறங்க மருத்துவர்கள் தயங்குவர். ‘பழகிக்கொள்ளுங்கள்’ என்பதே வழக்கமான மருந்துச் சீட்டு. அது தட்டிக்கழிக்கும் பேச்சல்ல: சில மாதங்களில் மூளை நிழலைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறது, பூச்சியும் பார்வையின் நடுவிலிருந்து ஒதுங்குவதுண்டு. பகலில் குளிர்கண்ணாடி அணிந்தால் கண்மணி சற்று விரிந்து நிழல் மங்கும். அறுபது வயதில் கருப்புக் கண்ணாடி எதற்கு என்று கேட்கும் உறவினர்க்கு இப்போது அறிவியல் அடிப்படையில் பதில் சொல்லலாம்.

சட்டம் கண்பூச்சியை அறியாது. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலிருந்து கார் எண்பலகையைப் படிக்க முடியுமா என்று கேட்கிறது. மாலைக்கண் உண்டா என்றும் கேட்கிறது. எண்பலகைக்கும் கண்ணுக்கும் இடையே எத்தனை உருப்படிகள் பறக்கின்றன என்பதற்குக் கட்டமில்லை. நாற்பதுக்கு மேல் மருத்துவர் சான்று வேண்டும். ஐம்பத்தைந்தைக் கடந்தவர்க்கு ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பித்தல். பூச்சியோடு படித்தாலும் படித்தது படித்ததே.

விளையாட்டுக்கு இடமில்லாத பகுதி ஒன்று உண்டு. கூழ் கழலும்போது விழித்திரையைப் பிடித்திழுத்தால் மூளைக்கு அது ஒளியாகத் தெரியும்: பார்வையின் வெளி ஓரத்தில் மின்னல் கீற்று, இருட்டில் கூடுதலாக. வலக்கண்ணில் நேர்ந்தால் கீற்று வலப்பக்கம் அடிக்கும். நம் சாலையில் முந்துகிற வண்டியும் அந்தப் பக்கமே வரும். இரவில் ஆலப்பாக்கம் அருகே பின்னால் பேருந்து லைட் அடித்து வழி கேட்பதாக நினைத்து இடப்பக்கம் ஒதுங்கினால், ஒரு பேருந்தும் முந்தாது. மீண்டும் அடிக்கும், மீண்டும் யாரும் முந்தார். இத்தகைய ஆளில்லாப் பேருந்தை இருமுறை கண்டவரும், மிளகைக் கொட்டியதுபோல் புதுப்புள்ளிகள் திடீரெனக் கூட்டமாக வரக் கண்டவரும், ஓரத்திலிருந்து நிழல் திரையாக ஏறக் கண்டவரும் பழகிக்கொள்ளக் கூடாது. அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். திடீர்ப் பூச்சியோடும் மின்னலோடும் வருவோரில் ஏழு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் விழித்திரையில் கிழிசல் இருக்கிறது. கிழிசலாக இருக்கும்போதே பிடித்தால் லேசரால் சுற்றிலும் ஒட்டிவிடலாம். விழித்திரை கழன்றுவிட்டால் பெரிய அறுவை, பார்வைக்கு உத்தரவாதமும் குறைவு.

இவ்வட்டாரத்தார் பலர் இதற்காகப் போகுமிடம் கடலூரைத் தாண்டித் தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனை. சிதம்பரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கே கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு, கால் மணி, அரை மணி கண்ணை மூடி உட்காரவைத்து, மருந்து பிடித்தபின் ஓரம்வரை ஒளி பாய்ச்சிப் பார்ப்பர். விரிந்த கண்மணி பழைய நிலைக்கு வர நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். அதுவரை வெயில் கூசும், கிட்டத்தில் உள்ள எழுத்து தெரியாது, வண்டி ஓட்டக் கூடாது. எனவே போகும்போதே பேருந்தில் போவது சரி. வண்டியில்தான் போவேன் என்பவர் மகனை உடனழைக்க வேண்டும். திரும்பும்போது, நாற்பதாண்டாக யாருக்கும் தராத வண்டியின் பின்சீட்டில் உட்கார வேண்டிவரும். ‘அப்பா, கிளட்ச் நான் பாத்துக்கிறேன், நீங்க கண்ணை மூடிட்டு வாங்க’ என்று சொல்லப்படும். மூடிய கண்ணில் பூச்சி தெரிவது குறைவு; மகன் கியர் மாற்றும் லட்சணம் நன்றாகவே கேட்கும்.