மருமோன், உன்ர பச்சை வளையம் ஆருக்குத் தெரியுது?

மருமோன், உன்ர லிங்க்ட்இன் பக்கத்தைப் பேத்தி போனில காட்டினவள். படம் நல்லாக் கிடக்கு. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கோணேசர் கோயில் மலையில நிக்கிறாய். தோளில ஆரோ ஒருத்தன்ர கை. ஆளை வெட்டிப்போட்டுக் கையை மட்டும் விட்டு வைச்சிருக்கிறாய். நேர்முகத்தில முதல் கேள்வியே "அந்தக் கைக்காரன் இப்ப எங்க தம்பி?" எண்டுதான் வரும்.

படத்துக்குக் கீழ இங்கிலீசில ஒரு வரி எழுதியிருக்கிறாய். அர்ப்பணிப்பும் ஆற்றலும் நிறைந்த இளைஞர், வாய்ப்புகளைத் தேடுகிறார் எண்டு பேத்தி தமிழில சொன்னவள். சந்தோசம். ஆனா நீ என்ன வேலை செய்யத் தெரிஞ்சவன் எண்டு அதில எங்கயடா கிடக்கு? அந்த இடத்தில 220 எழுத்து எழுத விடுறான். நீ 220ஐயும் உன்னைப் புகழவே செலவழிச்சுப்போட்டாய். ஆள் எடுக்கிறவன் "அர்ப்பணிப்பு" எண்டு அடிச்சுத் தேடுறதில்லை. அவன் தேடுறது "களஞ்சியம்", "எக்செல்", "சுங்க ஆவணம்", "திருகோணமலை". சீனன்குடாப் பக்கம் ஒரு களஞ்சியத்தில இருப்புக் கணக்குப் பாத்தவன் நீ. மூட்டை குறைஞ்சா எந்த லொறியில குறைஞ்சதெண்டு பிடிக்கத் தெரிஞ்சவன். அதை எங்க எழுதியிருக்கிறாய்? கடைசியில, கிரிக்கெட்டுக்கும் பாட்டுக் கேக்கிறதுக்கும் கீழ.

இன்னொண்டையும் ஒளிச்சு வைச்சிருக்கிறாய். கந்தளாய் லொறிக்காரனோட சிங்களத்தில மல்லுக்கட்டி நெல்லு விலையைக் குறைச்சவன் ஆர்? நீதானே. தமிழர், முஸ்லிம், சிங்களவர் எண்டு மூண்டு சனமும் கலந்து கிடக்கிற மாவட்டம் இது. கொழும்புக்காரன் இங்க ஒரு கிளை திறந்தா இரண்டு பாஷையும் ஓடுற ஆளைத்தான் முதல்ல விசாரிப்பான். சந்தையில பழகினதெல்லாம் தகுதியோ எண்டு உனக்கு வெக்கம். ஒரு நாள் பயிற்சிப் பட்டறைக்குப் போய்ச் சோத்துப் பார்சலும் சான்றிதழும் வாங்கின கதையை எழுத மட்டும் வெக்கமில்லை.

சரி, அது உன்ர பிழை மட்டுமில்லை. இந்த ஊர் காத்திருந்தே பழகின ஊர். உன்ர கொப்பர், என்ர மச்சான், "எண்ணெய்த் தாங்கி திறபடட்டும், வீட்டுக்கொரு வேலை" எண்டு சொல்லிச் சொல்லியே நரைச்சவர். வெள்ளைக்காரன் தன்ர கடற்படைக்கெண்டு காட்டுக்குள்ள நூறு தாங்கி வரையில கட்டி வைச்சான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான்காரன் வந்து குண்டு போட்டான். அதுக்குப் பிறகு எண்ணிச் சொல்லுறது 99. அந்த 99ஐப் பற்றி 1987இல இந்தியாவோட கடிதம் எழுதினாங்கள். 2003இல இந்திய எண்ணெய்க் கொம்பனியின்ர லங்கா ஐஓசி வந்தது. 2022 சனவரியில 61 தாங்கியைக் கூட்டாத் திருத்தி நடத்த ஒரு கொம்பனி. பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49 வீதம். 2025 ஏப்ரலில ஐக்கிய அரபு அமீரகமும் சேந்து, திருகோணமலையை எரிசக்தி மையமாக்கப் போறம் எண்டு இன்னொரு கையெழுத்து. ஒவ்வொரு கையெழுத்துக்கும் எங்கட தேத்தண்ணிக் கடையில ஊர்ப் பெடியள் எல்லாருக்கும் பதவி பிரிச்சுக் குடுத்து முடிச்சிருக்கிறம். உனக்குக்கூட ஒருக்கா உதவி முகாமையாளர் பதவி கிடைச்சது. நீ அப்ப ஏழாம் வகுப்பு.

தாங்கி இங்க இருக்கு மருமோன், ஆள் எடுக்கிற மேசை இங்க இல்லை. ஐஓசியின்ர தலைமைக் காரியாலயம் கொழும்பில. எங்கட துறைமுகத்துக் கரையில சிமெந்து அரைக்கிற ரோக்கியோ சிமெந்தின்ர தலைமைக் காரியாலயமும் கொழும்பில. நீயோ சீ.வீ.யைப் பைலில போட்டுக்கொண்டு வெயிலில சைக்கிள் மிதிச்சு, ஏதோ ஒரு கேற்றில வோச்சரிட்டக் குடுத்திட்டு வாறாய். அந்த மனுசன் நல்லவர். உன்ர சீ.வீ.க்கு மேல பிளேன்ரீ வைச்சுக் குடிச்சிருப்பார். கொழும்பு மேசைக்குப் போக வழி தெரியாதவனுக்குத்தான் இந்த லிங்க்ட்இன் தளம் உதவும். கேற்றைத் தாண்டி, அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் ஆர் எண்டு பேரோட காட்டும்.

இனி முக்கியமான கதைக்கு வாறன். 1973ஆம் ஆண்டு மார்க் கிரானோவெட்டர் எண்டு ஒரு அமெரிக்கச் சமூகவியல்காரர் ஒரு கட்டுரை எழுதினவர். ஆக்களுக்கு வேலை எப்பிடிக் கிடைச்சது எண்டு விசாரிச்சுப் பாத்தா, கூடப் பிறந்தவன், உயிர்ச் சிநேகிதன் ஆக்களால இல்லை. எப்பவாவது காணுற, அரைகுறையாத் தெரிஞ்ச ஆக்களாலதான் கூடக் கிடைச்சிருக்கு. எனக்கு இது எப்பிடித் தெரியுமெண்டு யோசிக்காத. பேத்தி படிக்கிறாள், நான் காது குடுக்கிறன். வெத்திலை போடுறவனுக்கு வாய்தான் அடைபடும், காது இல்லை.

காரணம் சின்னது. உன்ர சிநேகிதங்கள் நாலு பேரும் உன்னோடயே உட்துறைமுக வீதி மதில்ல குந்தி இருக்கிறாங்கள். உனக்குத் தெரியாத வேலை அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? வேற இடத்தில இருக்கிறவனுக்குத்தான் வேற செய்தி வரும்.

2022இல "சயன்ஸ்" இதழில இதை இன்னும் பெரிசாப் போட்டாங்கள். லிங்க்ட்இன்ல 2 கோடிப் பேரை 5 வருசம் வைச்சுச் சோதிச்சவை. "இவரை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம்" எண்டு காட்டுறதைச் சிலருக்கு ஒரு மாதிரியும் சிலருக்கு வேற மாதிரியும் மாத்திப் பாத்திருக்கினம். சோதனைக்கு உள்ளானவனுக்கே தெரியாது; உன்ர அண்ணனும் அதில அம்பிட்டிருக்கலாம். முடிவு என்னெண்டா, கிரானோவெட்டர் சொன்னது சரிதான், ஆனா ஒரு திருத்தம். முன்பின் தெரியாதவனாலயும் பெரிய பலன் இல்லை, ஒட்டி உறவாடுறவனாலயும் இல்லை. இரண்டு பேருக்கும் பொதுவாச் சில ஆக்களைத் தெரிஞ்சிருக்க, தாங்கள் அவ்வளவாக் கதைச்சுப் பழகாதவன் இருக்கிறானே, அவனாலதான் வேலை.

அதில இன்னொரு துண்டும் கிடக்கு, உன்ர வகுப்புக்காரர் ஒருத்தரும் வாசிச்சிருக்க மாட்டாங்கள். கணினி புகுந்த தொழிலிலதான் இந்த அரைகுறைத் தெரிச்சல் கூட வேலை செய்யுது. கணினி குறைஞ்ச தொழிலில நெருங்கின சொந்தம்தான் பலம். விளங்குதோ? ஜெற்றியில கயிறு பிடிக்கிற வேலைக்கு லிங்க்ட்இன் திறந்துகொண்டிருக்காத. அங்க நிக்கிற உன்ர சின்ன மாமனிட்டப் போ, ஒரு பார்சல் வடையோட. நிலாவெளியில ஹொட்டேல் கிச்சன் வேலைக்கும் அப்பிடித்தான். ஆனா கப்பல் முகவர் காரியாலயம், கணக்கு, மென்பொருள், ஹொட்டேல் முன்பதிவு எண்டு கேட்டா சின்ன மாமனால ஏலாது. அவர் சிபாரிசு செய்தா வந்ததும் கெட்டுப்போகும்.

அந்த அரைகுறைத் தெரிச்சலுக்கு எங்க போறது எண்டு முழிக்கிறாய். கோணேசபுரியில கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ர திருகோணமலை வளாகத்திலதானே நீ படிச்சனி? தளத்தில படிச்ச இடத்தின்ர பக்கத்துக்குப் போய், பழைய மாணவர் எண்ட பகுதியைத் தட்டு. எந்த ஊரில, எந்தக் கொம்பனியில, என்ன தொழிலில நிக்கிறாங்கள் எண்டு வகை பிரிச்சுக் காட்டும். கொழும்பில நிக்கிறவன், கட்டாரில நிக்கிறவன், மெல்போணில நிக்கிறவன், எல்லாரும் நீ சாப்பிட்ட கன்ரீன்லதான் சாப்பிட்டவங்கள். அந்தப் பருப்பைத் தாண்டி வந்தவனுக்கு உன்னில ஒரு இரக்கம் இருக்கும்.

நீயும் ஒருத்தருக்கு எழுதினியாம், பேத்தி காட்டினவள். "மதிப்புக்குரிய ஐயா, தாங்கள் இறையருளால் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். எனது குடும்ப நிலையைக் கருத்தில் கொண்டு தங்கள் நிறுவனத்தில் ஏதாவது ஒரு வேலை தந்துதவுமாறு தாழ்மையுடன்..." இதை எழுதக் கச்சேரி வாசல் பெட்டிசக்காரனுக்கு எவ்வளவு குடுத்தனி? ஏதாவது ஒரு வேலை எண்டு கேட்டவனுக்கு எந்த வேலையும் வராது. உனக்கு எது ஏலும் எண்டு அந்தாள் இருந்து யோசிக்கிறதோ?

காசு கட்டாத கணக்குக்கு அழைப்போட 200 எழுத்துக் குறிப்புத்தான் எழுதலாம். மாசத்தில அப்பிடி எழுதுறதுக்கும் அளவு இருக்கு. அதனால கண்டவனுக்கெல்லாம் வீணாக்காத. இப்பிடி எழுது:

"அண்ணா, நானும் திருகோணமலை வளாகம். களஞ்சிய இருப்புக் கணக்கில அனுபவம் இருக்கு. உங்கட துறைக்கு வாறவை முதல்ல என்ன பழகவேணும் எண்டு கேக்க விருப்பம்."

வேலை எண்ட சொல்லே அதில இல்லை, பாத்தியோ? புத்தி சொல்லக் கேட்டா மனுசனுக்குப் பெருமை பிடிபடும். நான் உனக்கு இவ்வளவு நேரம் சும்மாவோ கதைக்கிறன்? அவர் சொன்னதைச் செய்து போட்டு, ஒரு மாசத்தால "அண்ணா, நீங்கள் சொன்ன பயிற்சியை முடிச்சிட்டன்" எண்டு ஒரு வரி போடு. இதை நூறில ஒருத்தனும் செய்யிறதில்லை. அந்தக் கொம்பனியில இடம் விழுந்தா, முதல்ல விண்ணப்பத்தைப் போடு, பிறகு அவருக்குச் சொல்லு. சீ.வீ.யைக் கலியாணக் கார்ட் மாதிரி எல்லாருக்கும் ஒரே அச்சில அனுப்பாத. விளம்பரத்தில கேட்ட விசயம் உன்னட்ட இருந்தா அதை மேல தூக்கி எழுது. டொப்ஜொப்ஸ் தளத்தையும் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரையும் விட்டிடாத. லிங்க்ட்இன்ல வராத விளம்பரம் அங்க வரும்.

மற்றது, விளம்பரத்துக்குக் கீழ போய் "இன்ரரெஸ்ரட் சேர்" எண்டு எழுதுறதை நிப்பாட்டு. ஐந்நூறு பேர் எழுதியிருக்க ஐந்நூற்றி ஓராவது ஆளா நீயும் கையைத் தூக்குறாய். ஆருமே எண்ணிப் பாக்கிறதில்லை.

அந்த மான் கதையையும் விட்டிடு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில நிண்ட மானைப் படம் எடுத்துப்போட்டு "மானிடம் நான் கற்ற ஐந்து தலைமைத்துவப் பாடங்கள்" எண்டு எழுதியிருக்கிறாய். மருமோன், அந்த மான் அப்ப பொலித்தீன் பையைச் சப்பிக்கொண்டு நிண்டது. நீ பழகின வேலையைப் பற்றி எழுது. மழைக்காலத்தில களஞ்சியத்து மூட்டை நனையாமல் எப்பிடி அடுக்கினியள் எண்டு நாலு வரி எழுதினா, அதே தொழில்காரன் ஒருத்தன் நிண்டு வாசிப்பான்.

இப்ப அந்தப் பச்சை வளையம். படத்தைச் சுத்தி "வேலைக்குத் தயார்" எண்டு போட்டிருக்கிறாய். அதுக்கு இரண்டு வழி இருக்கு. ஊருக்கெல்லாம் காட்டலாம், இல்லாட்டி ஆள் எடுக்கிறவைக்கு மட்டும் காட்டலாம். நீ இப்ப ஒரு முதலாளியிட்டச் சம்பளம் வாங்குறாய் எல்லோ? ஊருக்கெல்லாம் காட்டினா அந்தாளும் ஊருக்குள்ளதான் இருக்கிறார். இரண்டாவது வழியிலகூட அவருக்குப் போகாமல் பாக்கிறம் எண்டுதான் தளம் சொல்லுது, கட்டாயம் மறைப்பம் எண்டு வாக்குக் குடுக்கேல்லை. அதனால முதலாளியோட கோவிச்சுக்கொண்டு இரவில வளையம் போடாத.

பகிடியை ஒரு பக்கம் வைச்சிட்டு ஒண்டு சொல்லுறன். சிரிக்காமல் கேள். தாய்லாந்தில டேட்டா என்ட்ரி, கை நிறையச் சம்பளம், விசிற் விசாவில வாங்கோ எண்டு செய்தி வந்தா உடன பெட்டி அடுக்காத. அப்பிடிப் போன எங்கட நாட்டுப் பிள்ளையள் மியன்மார் எல்லையில மியாவாடிப் பக்கம் மோசடி முகாமுகளில அடைபட்டு, மற்றச் சனத்தை ஏமாத்தச் சொல்லி அடி வாங்கினது 2024இல பேப்பரில வந்தது. கதைக்கிறவன்ர பக்கத்தில "இந்தப் பக்கத்தைப் பற்றி" எண்டு ஒரு இடம் இருக்கு. எப்ப தொடங்கின கணக்கு எண்டு அதில தெரியும். இருபது வருச அனுபவம் எண்டு சொல்லுறவன்ர கணக்குப் போன மாசம் பிறந்திருந்தா நீயே விளங்கிக்கொள். முகவரின்ர பேரை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர தளத்தில தேடு. இல்லாட்டி அவையின்ர 1989 நம்பருக்கு அடிச்சுக் கேள். கப்பல் வேலை எடுத்துத் தாறன், கமிசனைக் கட்டு எண்டு கேட்டா எழும்பி வா. வேலை தேடித் தாறதுக்குக் கடலோடியிட்டக் காசு வாங்கக்கூடாது எண்டு 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயமே சொல்லுது.

கடைசியா, பக்கத்தில கிடக்கிற போன் நம்பரை மாத்து. அது நீ சிம்மைத் துலைச்ச பழைய நம்பர். புது நம்பருக்குக் கொழும்பு 011இல இருந்து அழைப்பு வந்தா, கடன்காரன் எண்டு நினைச்சு வெட்டாத. "ஆரது?" எண்டு அதட்டாமல் உன்ர பேரைச் சொல்லிக் கதை.