கதவுக்கு ஒரு யன்னல்

என் வாழ்க்கையில் நான் வெட்டிய யன்னல் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு கதவில் இருக்கிறது. வீட்டுக் கதவில் இல்லை, மீன் லொறிக் கதவில்.

எல்லாம் யூரியூப்பால் வந்த வினை. வெள்ளைக்காரர்கள் காருக்குப் பின்னால் ஒரு குட்டி வீட்டைக் கொழுவிக்கொண்டு மலை, ஏரி, காடு என்று திரிகிற வீடியோக்களை இரவிரவாகப் பார்த்தேன். கரவான் என்கிறார்கள். கனடாவில் இருக்கிற மச்சான் அதை ட்ரவல் ட்ரெய்லர் என்கிறான். எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஒருநாள் மணற்காட்டு மணல்மேட்டடி, ஒருநாள் கசூரினா, ஒருநாள் சாட்டிக் கடற்கரை என்று மனதுக்குள் பயணம் தொடங்கியாயிற்று. எந்த இடத்துக்குப் போனாலும் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்பது அப்போது உறைக்கவில்லை.

கரவான் வாங்கக் காசில்லாதவனுக்குக் கிடைத்தது பழைய கூலர் லொறியின் பெட்டி. யாரோ அதைக் கழற்றி, ஒரு அச்சும் இரண்டு சில்லும் பூட்டி வைத்திருந்தார்கள். “வெய்யில் துளிகூட உள்ளுக்க வராது ஐயா” என்றார் விற்றவர். அவர் பொய் சொல்லவில்லை. வெய்யில் வரவில்லை, வெளிச்சம் வரவில்லை, காற்றும் வரவில்லை. பாரை மீன் வாசம் மட்டும் வெளியே போகவில்லை.

மனைவி ஒரே ஒருமுறை உள்ளே ஏறிப் பார்த்தாள். “இஞ்சருங்கோ, இதுக்குள்ள படுக்கிறதெண்டால் என்னை ஐஸுக்கு மேலதான் வளர்த்தோணும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். யன்னல் வேண்டும் என்று முடிவானது அப்போதுதான். ஏன் கதவில் என்று கேட்கிறீர்களா? வீடியோ ஒன்றில் ஒரு ஆள் கதவில்தான் வைத்தான்.

யன்னலை மச்சான் கப்பல் பெட்டியில் அனுப்பிவைத்தான், சொக்லேற்றுக்கும் பழைய ஜக்கெற்றுக்கும் நடுவில். கெட்டிக்காரச் சாமான். கண்ணாடி உள்ள சட்டம் வெளிப்பக்கத்தால் வரும், ஒரு வளையம் உள்பக்கத்தால் வரும். கதவு நடுவில் அகப்படும். ஆணிகளை முறுக்க, இரண்டும் கதவைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். “சமைக்கத் தெரியாதவன்கூடப் பூட்டலாம்” என்றான் மச்சான். எனக்குச் சமைக்கத் தெரியும், அதுதான் பிழைத்துப்போனது.

இதைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருப்பதற்குக் காரணம் நான் பிறந்த ஊர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. ஜாம் போத்தலில் விளக்குச் செய்த ஊர். சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட ஊர். எங்கள் வீட்டிலும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி அப்பா செய்தி கேட்பார். பெடலைச் சுற்றுவது நான். யாழ்ப்பாணத்தின் தொழில்நுட்ப வரலாற்றில் என் பங்களிப்பு அவ்வளவுதான்.

போதாக்குறைக்கு, யன்னல் என்ற சொல்லே நம்முடையது இல்லை. 1619 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயரின் ஜனேலா அது. கதிரையும் அலுமாரியும் அலவாங்கும் அவர்கள் விட்டுப்போனவைதான். நம் ஆட்கள் முன்பு காலதர் என்றார்கள்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. கதவு நம்முடையது, யன்னல் அவர்களுடையது. நானூறு வருசமாக ஒரே சுவரில் சமாதானமாக இருந்த இரண்டையும் சண்டை பிடிக்க வைத்தவன் நான்தான்.

வெட்டுகிற நாள் வந்தது. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அண்ணை சொன்னார்: “தம்பி, நாலு மூலையிலயும் முதல்ல ஓட்டை போடு. பிறகு ஜிக்சோவால மெல்ல மெல்ல வெட்டு.” நான் “தெரியும் அண்ணை” என்றேன். இந்த இரண்டு சொற்களால் இதுவரை எனக்கு வந்த நட்டத்துக்கு ஜிக்சோ மூன்று வாங்கியிருக்கலாம்.

என்னிடம் இருந்தது கிறைண்டர். அதன் டிஸ்க் வட்டம். வட்டம் மூலையோடு நிற்காது. வெளித்தகட்டில் கோடு முடிகிற இடத்தில் நிறுத்தினால் உள்ளே நுரை வெட்டுப்படாமல் நிற்கும், நுரை வெட்டுப்பட வேண்டுமென்றால் வெளியே கோட்டைத் தாண்டித்தான் ஆகவேண்டும். நான் தாண்டினேன், நான்கு மூலையிலும் இரண்டு பக்கமும். முடிவில் கதவைப் பார்த்தால், கணக்குக் கொப்பியில் ரீச்சர் நாலு இடத்தில் பிழை போட்ட மாதிரி இருந்தது.

மச்சான் அனுப்பிய யன்னலின் மூலைகள் ஏன் வளைவாக இருக்கின்றன என்று பிறகுதான் வாசித்தேன். 1954 இல் கொமெற் என்ற பெயருள்ள இரண்டு பிரித்தானியப் பயணிகள் விமானங்கள் மூன்று மாத இடைவெளியில் நடுவானில் உடைந்து கடலில் விழுந்தன. உடம்பில் வெட்டிய துளைகளின் மூலைப்பக்கத்தில் உலோகம் களைத்து வெடித்ததைக் கண்டுபிடித்தார்கள். கூர் மூலையில்தான் இழுவை எல்லாம் வந்து குவியுமாம். என் பெட்டி முப்பத்தையாயிரம் அடியில் பறக்கப் போவதில்லை என்று ஆறுதல்பட்டேன். அது எங்கேயுமே போகப் போவதில்லை என்பது வேறு கதை.

நடுவில் இருந்த நுரை மஞ்சள் நிறம். கிறைண்டர் பட்டதும் மாவாகப் பறந்து, வியர்த்த உடம்பில் அப்பியது. ஒரு மணித்தியாலத்தில் தலை முதல் கால்வரை மஞ்சள், அதோடு தாங்கமுடியாத கடி. கிணற்றடிக்கு ஓடியவனைப் பார்த்து மனைவி, “எங்கட கலியாணத்துக்குக்கூட நீங்கள் இவ்வளவு மஞ்சள் பூசேல்லை” என்றாள். இருபத்தைந்து வருசத்தில் அவள் என்னைப் பார்த்து மனம்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு பூட்டப் போனேன். வெளிச்சட்டத்தை வெளியே வைத்தேன், வளையத்தை உள்ளே வைத்தேன். ஆணி எட்டவில்லை. யன்னல் ஒன்றரை இஞ்சிக் கதவுக்குச் செய்தது. மீனைக் குளிராக வைத்திருக்கச் செய்த என் கதவு மூன்று இஞ்சி. அளக்கவில்லையா என்று கேட்காதீர்கள். நீளத்தை இரண்டு தரம் அளந்தேன், அகலத்தை இரண்டு தரம் அளந்தேன். தடிப்பும் ஒரு அளவுதான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இந்த நாட்டில் நடந்த எல்லாப் பேச்சுவார்த்தைகளையும்போல இரண்டு தரப்பும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றன. நடுவில் ஒன்றரை இஞ்சி இடைவெளி. மத்தியஸ்தத்துக்கு ஓடாவியாரைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து வெற்றிலையை ஒரு கொடுப்புக்குள் ஒதுக்கிக்கொண்டு, வெட்டு ஓடிய மூலைகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். “ஆர் வெட்டினது?” என்றார். “ஒரு பெடியன்” என்றேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

உள்தகட்டைக் கொஞ்சம் அகட்டி வெட்டி, நுரையைச் சுரண்டிப் பள்ளமாக்கி, சுற்றிவர வேப்பஞ் சட்டம் இறக்கி, ஒன்றரை இஞ்சிக்குக் கொண்டுவந்தார். வளையம் வந்து உட்கார்ந்தது, ஆணி கவ்வியது. அரை நாள் வேலை. போகும்போது, “அந்தப் பெடியனிட்டை இனிக் கிறைண்டரைக் குடுக்காதையுங்கோ” என்றார். பெடியன் யாரென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி உள்ளே ஏறிக் கடல் பார்க்கிற மாதிரி நின்று பார்க்கவேண்டும் அல்லவா? ஏறினேன். யன்னலைக் காணவில்லை. குனிந்து பார்த்தால் இடுப்புக்குக் கீழே இருந்தது. நிலத்தில் நின்று என் கண்மட்டத்துக்கு அளந்தவன், பெட்டியின் தளம் நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது என்பதை மறந்துவிட்டேன். உள்ளே நிற்கிற எனக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. வெளியே நிற்பவருக்கோ கண்ணுக்கு நேரே, கண்ணாடி போட்ட மாதிரி, என் சாரம். அன்று பின்னேரமே மனைவி அதற்கு ஒரு திரை தைத்துப் போட்டாள்.

காற்றாவது வந்ததா என்றால், கதவு பார்த்தது வடகிழக்கை. சோளகம் வீசிய மாதங்களில் தென்னை எல்லாம் ஆடியது, என் திரை மட்டும் அசையவில்லை. காற்று பெட்டியின் முதுகில் மோதிவிட்டு அடுத்த வளவுக்குப் போய்விடும். ஐப்பசியில் வாடை திரும்பியது. காற்றும் மழையும் நேரே யன்னலைத் தேடி வந்தன. சிலிக்கன் அப்பி மறைத்த எட்டு வெட்டாலும் தண்ணீர் ஒழுகி நுரைக்குள் இறங்கியது. நுரை நனைந்ததும் போன மீன் வாசம் திரும்பி வந்தது. வாசத்தோடு அயலில் உள்ள பூனைகளும் வந்தன.

மதிலுக்கு மேலால் அண்ணையின் தலை மறுபடி தெரிந்தது. “தம்பி, சில்லுப் பூட்டின சாமான்தானே. மற்றப் பக்கம் பார்க்கத் திருப்பி விடன்.”

“தெரியும் அண்ணை” என்றேன்.

திருப்பலாம்தான். அச்சு இருக்கிறது, சில்லு இருக்கிறது, கொழுவிப் பிடிக்கக் கொளுக்கிகூட இருக்கிறது. வாங்கின அன்று வாடகை ட்ரக்டர் ஒன்று இழுத்துவந்து, தென்னைக்கும் கிணற்றுக்கும் நடுவில் விட்டுவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அது ஒரு அடி நகரவில்லை. எங்கள் வீட்டில் உள்ள வாகனங்கள் இரண்டு. ஒன்று, ஒரு காலத்தில் ஜப்பானில் கடிதம் காவித் திரிந்த சிவப்பு எம்.டி. 90 மோட்டார்ச் சைக்கிள். மற்றது, மகளின் லுமாலா சைக்கிள்.